அழாத பிள்ளை

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுச் சுவரில் மதியமெல்லாம் மின்காற்றாடியின் நிழல் சுற்றும். ஒன்றரை வயது மகள் யாழினி அதையே பார்த்தபடி அழாமல் கிடப்பாள். தேநீருக்கு வாங்கும் இனிப்பு டின் பாலைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் கொடுப்பேன். குடித்துவிட்டுச் சோற்றைத் தள்ளிவிடுவாள். ‘தொல்லை தராத பிள்ளை’ என்று எனக்குப் பெருமை.

அவளுக்குத் தடுப்பூசி போடப் போன கிளினிக்கில் எடை பார்த்த தாதி, என்ன கொடுக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

“அது பால் இல்லலா அக்கா, பாதிக்குப் பாதி சீனி. பிள்ளைக்குச் சத்தே இல்ல. அழக்கூடத் தெம்பில்லாமதான் சும்மா கிடக்குது.”

இப்போது டின் பால் என் தேநீருக்கு மட்டும். அவளுக்கு முட்டையும் பருப்பும் மீனும் சேர்த்து மசித்த சோறு. நேற்று சோறு கொஞ்சம் தாமதமானதும் வீடே அதிர அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முட்டையை உரித்தேன்.