மாமா எண்ணெய் அடிக்காத வளைவு

என் கையெழுத்து வரிக்கு வரி சாயும். எந்த இடத்தில் ல, எந்த இடத்தில் ள என்பதும் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த ரயில்வே லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடியது. அம்மாவின் தம்பி, என் மாமா, வாரம் ஒருமுறை முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு அந்த ஓடையில் கொசு எண்ணெய் அடிப்பார். அதுதான் அவருக்கு வேலை. எண்ணெய் பட்ட இடத்தில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கும்.

மூங்கில் புதரைத் தாண்டி ஒரு வளைவு. அங்கே தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடி மணல் அப்படியே தெரியும். சிவப்பும் நீலமுமாகச் சண்டை மீன்கள் செட்டையை விரிக்கும்போது எனக்கு மூச்சு விட மறந்துபோகும். புல்லோரம் தண்ணீர்மேல் படுத்துக் கிடந்த தூசி போன்ற புழுக்களைக்கூட அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

“இங்க மட்டும் அடிக்காதீங்க மாமா.”

“ஏன் மாப்பிள்ளை, தண்ணிக்குள்ள பொண்ணு பார்த்து வச்சிருக்கியா?”

நான் அழுதுவிட்டேன். அக்கா பிள்ளை அழுதால் மாமாவுக்குத் தாங்காது. “மண்டோர்கிட்ட வாயத் தொறந்துடாதலா,” என்று தன் மேஸ்திரிக்குப் பயந்து சொல்லிவிட்டு, அந்த வளைவில் அடிக்காமலே நடந்தார். அதற்குப் பிறகு எல்லா வாரமும் அப்படியே.

மழை விட்ட சமயத்தில் என் தங்கைக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. நாலு சாக்கைப் போர்த்தியும் பலகைக் கட்டில் ஆடியது.

“வாரா வாரம் நீதானடா எண்ணெய் அடிக்கிற. அப்புறம் எங்கேருந்து வந்துச்சு இவ்வளவு கொசு?” என்று அம்மா கேட்டார்.

மாமா தங்கைக்குக் கொய்னா மருந்தைக் கரைத்துக் கொடுத்த கையோடு டின்னைத் தூக்கிக்கொண்டு அந்த வளைவுக்குப் போனார். அன்று அவருக்கு வேலை இல்லாத ஞாயிறு.

அடிக்காதீங்க என்று கத்தத்தான் பின்னால் ஓடினேன். கத்தவில்லை. எண்ணெய் விழுந்த இடத்தில் மயில் கழுத்து நிறம் ஒன்று கிளம்பி, ஊதா, பொன், பச்சை என்று விரிந்துகொண்டே போய், இக்கரையிலிருந்து அக்கரைவரை தண்ணீர் பட்டுப் போர்த்திக்கொண்டது. அதுபோல ஒன்றைப் பிறகு நான் பார்த்ததில்லை. அடியில் மீன்கள் தவித்ததை நான் கவனிக்கவே இல்லை.

டின் காலியான பிறகும் மாமா பம்பை அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு கரையில் குந்தி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தங்கை எழுந்து நடக்க ஒரு மாதம் ஆனது; பிழைப்பாளா என்றே அன்று யாருக்கும் தெரியாது.

எண்ணெய் நெடி கண்ணில் ஏறிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அவர் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

“பாருங்க மாமா, எவ்வளவு அழகா இருக்கு.”

பிரிக்பீல்ட்ஸ், 4.6.1961