காவல் இல்லாத கஞ்சிப் பானை

நாரை கூவும் மலைக்கு ஏறுகிற வழியில், கல்படி திரும்புகிற இடத்தில் ஒரு கஞ்சிப் பானை இருக்கிறது. அதன் பின்னால் அரிசி ஜாடி. ஜாடிக்கு மூடி உண்டு, பூட்டு கிடையாது. பானைக்குச் சொந்தக்காரி பு லியென் என்று சொன்னால் அவளுக்கே கோபம் வரும். "பானை வழியில போறவங்களுது. நான் அடுப்பு மூட்டுறவ" என்பாள்.

ஆள் குள்ளம், நாக்கு நீளம். விடியும்போது மூங்கில் குழாயில் வருகிற ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து, அரிசியைக் குழைய வேகவிட்டு, மிளகாய் போட்ட கீரை ஊறுகாயைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவாள். கஞ்சி தீர்ந்த பிறகு வருகிறவர்கள் ஜாடியில் அரிசி எடுத்துத் தாங்களே பொங்கிக்கொள்வார்கள். மாமியார் அடுப்பை ஒப்படைத்தபோது சொன்ன நிபந்தனை ஒன்றுதான்: சமைத்து வை, நின்று பார்க்காதே.

இது மாமியார் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கும் முந்தி, ஹான் அரசர்கள் காலத்தில் சாங் என்ற ஆசான் கிழக்கிலிருந்து வந்து இந்த மலையில் உட்கார்ந்தார். அவருக்கு ஆதிப் பெரியவர் லாவோ காட்சி கொடுத்தார். அதற்கும் பல நூறு வருஷம் முன்னால், அரண்மனை உத்தியோகமும் வேண்டாம், ஊர்ச் சண்டையும் வேண்டாம் என்று எருமை மேல் ஏறி மேற்கே போனாரே, கணவாய்க் காவலன் கெஞ்சினான் என்று நாலு வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டு மறைந்தாரே, அந்தப் பெரியவர்தான். அதுவரை காட்டில் தனியாக உட்கார்ந்திருந்தவர்களின் தாவ் நெறி, சாங் வந்த பிறகுதான் குழந்தை குட்டிகளோடு ஊருக்குள் வந்தது. சேர்ந்த ஒவ்வொரு குடும்பமும் ஐந்து மரக்கால் அரிசி கொடுத்தது. சாங்கின் பேரன் காலத்தில் வழிநெடுகச் சத்திரம் வைத்து அன்னம் போட்டார்கள். வயிற்றுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் எடுத்தால் வானத்துக்கும் நிலத்துக்கும் நீருக்கும் இருக்கிற மூன்று தெய்வ அதிகாரிகள் பார்த்துக்கொண்டு வயிற்றுவலியைக் கொடுப்பார்கள். வேறு காவல் கிடையாது. யார் எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும், எங்கள் மலையில் இப்படித்தான் நடந்தது.

லியெனின் புருஷன் தெங் யூஷான் தாவ் பூசாரி. மற்ற நாளில் வயல் வேலை. ஊரில் சாவோ நோயோ வந்தால் நீல அங்கியை மாட்டிக்கொண்டு மணி ஆட்டப் போவார். தாவ் என்றால் என்ன என்று மலையேறுகிறவர்கள் யாராவது கேட்டுவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொள்வார்.

"வானமும் பூமியும் பொறக்கறதுக்கு முன்னாலயே இருந்தது. அதுக்குப் பேரு வைக்க முடியாது. வச்சா அது அதில்ல..."

"அதோ ஓடுதே தண்ணி, அதப் பாருங்க" என்று லியென் குறுக்கே விழுவாள். "கல்லு வந்தா சுத்திப் போவுது. பள்ளம் வந்தா ரொப்பிட்டுப் போவுது. யாரும் புடிச்சுத் தள்ளல. அதான் வழி."

"இருளும் ஒளியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு..."

"பகல் முடிஞ்சா ராத்திரி வரும். இதுக்கு ஒரு பூசாரி வேணுமா? போய்க் கீரைய நறுக்குங்க."

அவரும் போய் நறுக்குவார். பெண்டாட்டி சொல் கேட்கிற ஆணைக் காது மெத்தென்று இருக்கிறவன் என்று எங்கள் பக்கம் கேலி செய்வார்கள். தெங்கின் காதில் தலையணை தைக்கலாம் என்பது ஊர்ப் பேச்சு.

அந்த வருஷம் குளிர் விடுகிற சமயத்தில் ஜாடி அரிசி வேகமாக இறங்க ஆரம்பித்தது. காலையில் ரொப்பினால் மாலையில் அடி தெரிந்தது. மலைமேல் இருக்கிற கோயிலின் குழுத் தலைவர் யென் சாங்லு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அண்ணி, எவனோ மூட்டை கட்டுறான். ஒண்ணு பூட்டு போடுங்க, இல்ல ஆள் நிறுத்துங்க. பௌர்ணமிக்குப் பெரியவர் பொறந்தநாள், கூட்டம் வரும். அதுக்குள்ள சரியாகலேன்னா பானையை எடுத்துடுவோம்."

"பூட்டின ஜாடிக்கு இங்க என்ன வேலை, தம்பி? அது உங்க வீட்ல இருக்கட்டும்."

"அப்போ திருட்டுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல."

யென் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார். அன்று ராத்திரி லியென் தூங்கவில்லை. இருபத்தைந்து வயதில் கைக்கு வந்த அடுப்பு. அது அணைந்தால் மாமியார் கல்லறைக்கு எந்த முகத்தோடு ஊதுவத்தி கொண்டுபோவாள்?

தெங் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று, மஞ்சள் தாளில் செங்குழம்பால் மந்திரம் எழுதி, சொல்லாமல் போய் ஜாடி மூடியில் ஒட்டிவிட்டார். அளவுக்கு மேல் எடுக்கிறவன் குடல் முறுக்கிக்கொள்ளட்டும் என்பது மந்திரம்.

ஜாடி அரிசி அசையவே இல்லை. பானைக் கஞ்சியும் அசையவில்லை. ஏறி வருகிறவர்கள் மஞ்சள் தாளைப் பார்த்தார்கள். இரண்டாவது அகப்பை அளவுக்கு மேலா, ஊறுகாய் இன்னொரு துண்டு எடுத்தால் கணக்கில் வருமா, யாருக்குத் தெரியும்? கிழவிகள்கூட வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படியேறினார்கள். கஞ்சி ஆடை கட்டிப் புளித்தது. வழக்கமாக இரண்டு கிண்ணம் குடிக்கிற தெங்கும் பானையைச் சுற்றி நடந்துவிட்டுப் பசியோடு வீடு வந்தார்.

"நீங்க எழுதினதுதானே? போய்க் குடிங்க" என்றாள் லியென்.

"எழுதினவனுக்குத்தான் அதோட வீரியம் தெரியும்" என்றார் பாவமாக.

பௌர்ணமிக்கு முந்தின நாள் யென் குழுவோடு வந்தார். "யாருமே சாப்பிடாத பானை எதுக்கு, அண்ணி? எடுத்துடலாம்."

லியென் ஜாடி பக்கம் போனாள். மூடியிலிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அடுப்பில் காட்டி எரித்து, சாம்பலைக் கிண்ணத் தண்ணீரில் கரைத்தாள். நோயாளிக்கு மந்திரத் தாளைக் கரைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம்தான். சாபத்தைக் கரைத்து யாரும் பார்த்ததில்லை.

"ஏய் லியென், வேணாம்டி!" தெங் கிண்ணத்தைப் பிடுங்க ஓடி வந்தார்.

ஒரே மடக்கில் குடித்துவிட்டாள். "இதுல இருந்த வலி அத்தனையும் இப்ப என் வயித்துல. ஜாடி சுத்தமாயிடுச்சு. பசிக்கிறவங்க சாப்பிடுங்க." சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். எல்லோரும் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து பன்றி வளர்க்கிற ஹூ, அந்த வீட்டு நாலாவது பிள்ளை, வயிற்றைப் பிடித்தபடி முன்னால் வந்தான்.

"அத்தை, நீங்க ஏன் குடிச்சீங்க? வலி எனக்கில்ல வரணும். அந்தத் தாளப் பாத்த நாள்லேருந்து எனக்குச் சோறே எறங்கல. என் பன்னி குட்டி போட்டுச்சு, பால் ஊறல. அதுக்குத்தான் அரிசி எடுத்தேன்."

"பன்னிக்கா?" என்று கத்தினார் யென். "பெரியவர் பேரால வச்ச அரிசிய?"

"வயித்துக்குத்தானே தம்பி போயிருக்கு. மனுஷ வயிறுன்னு எங்க சொல்லியிருக்கு?" என்றாள் லியென். அப்புறம் ஹூவிடம் திரும்பினாள். "குட்டிக்குப் பால் இல்லேன்னா வீட்ல வந்து தவிடு கேக்கறதுக்கென்ன, மடையா? நல்ல அரிசியப் போய்ப் போட்டிருக்கியே. மொதல்ல உக்காந்து கஞ்சி குடி."

அவன் குடித்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் கிண்ணம் எடுத்தார்கள். ஒரு ஏப்பம் விட்டதைத் தவிர லியெனுக்கு ஒன்றும் ஆகவில்லை. "என் மந்திரம் அவ்வளவுதானா?" என்று தெங் முனகினார். அதில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம்.

பூட்டைப் பற்றி யென் பிறகு வாய் திறக்கவில்லை. பிறந்தநாளன்று மத்தளமும் வெடியுமாக மலை அதிர்ந்தது. கூட்டம் ஓய்ந்த பிறகு அவர் தனியாகப் பானையருகே வந்தார். ஒரு கிண்ணம் குடித்தார். அகப்பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

விறகு வைக்க வந்த லியென் அதைக் கண்டுவிட்டாள். நாக்கு நுனி வரை ஒரு வார்த்தை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, விறகை மெதுவாக அடுக்க ஆரம்பித்தாள்.