வெள்ளிக்கிழமை முன்னேற்றம்

முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பது அநாகரிகம் என்று மர்சலினுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் பார்க்கிறார். வங்கி டோக்கன் இயந்திரத்தின் முன் ஒரு பெரியவர் நிற்கிறார். திரையில் ஒரு பொத்தானைத் தொடுகிறார், காத்திருக்கிறார், மறுபடி தொடுகிறார், பிறகு தன்மேல்தான் தப்பு என்பதுபோலத் திரும்பிப் பார்க்கிறார். "நீங்க ஒண்ணும் தப்பா பண்ல சார், இதுக்குத்தான் கொழுப்பு," என்கிறார் மர்சலின். அதற்குப் பிறகு இயந்திரத்தைப் பார்த்து அவர் சொல்லும் இரண்டு வார்த்தைகளை அச்சில் ஏற்ற முடியாது.

மருந்துக்கடை, ஆஸ்பத்திரி, சினிமா தியேட்டர், எங்கே போனாலும் இதே கதைதான். திரையைத் தொடுகிற விரலைப் பார்ப்பார். விரல் தடுமாறினால் திரையைத் திட்டுவார். சாந்தோமில் மூன்று தலைமுறையாக வாத்தியார் உத்தியோகம் பார்த்த குடும்பம். சாதாரணமாகப் பேசும்போது இலக்கணம் பிசகாது. கோபம் வந்துவிட்டால் வகுப்பறை காணாமல் போய்த் தெரு வந்துவிடும். இப்போதைய வேலைக்கு வருமுன் பல வருடம் ஒரு கம்பெனிக்காகத் தொலைபேசியில் புகார் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய பெரிய மனிதர்கள்கூட "எனக்குத்தாம்மா இதெல்லாம் தெரியல" என்று குரல் தாழ்ந்து சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு வயிறு எரிந்து போயிருந்தது. மகளுக்கு என்ன வேலை என்று மாதா கோயிலில் யாராவது கேட்டால் அவருடைய அம்மா, "கம்ப்யூட்டர்ல குத்தம் கண்டுபிடிக்கிற வேலை," என்பார். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

அந்த வேலை நடக்கும் இடம் ஆழ்வார்பேட்டையில், ஒரு மெத்தைக் கடைக்கு மேல் மாடி. மொத்தம் ஐந்து பேர். முதலாளி மகேஷுக்கு முப்பது வயது ஆகவில்லை. அவர்கள் செய்கிற கருவியின் பெயர் 'நாடி'. ஒரு திரைக்குள் அது சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். தொடுகிறவர் எங்கே திணறுகிறார், எந்தப் பொத்தானை எரிச்சலோடு திரும்பத் திரும்பக் குத்துகிறார் என்று பார்த்து, திரைக்குச் சொந்தக்காரரிடம் சொல்லும். தான் இத்தனை வருடம் தொண்டை வற்றக் கத்தியதை ஒரு கருவி கணக்காக எடுத்துச் சொல்லப் போகிறது என்ற சந்தோஷத்தில்தான் மர்சலின் இங்கே சேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தில் பஜ்ஜி வரும். பஜ்ஜியோடு வாராந்திர முன்னேற்றமும் வரும். மகேஷ் சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் ஒரே ஒரு வரி எழுதுவான். எல்லோரும் கை தட்டுவார்கள். அந்த வரி அன்றைக்கே முதலீட்டுக்காரருக்குப் போய்விடும். அந்த வரி போன வாரத்து வரியைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். பழைய கோளாறைச் சரி செய்தோம் என்பதெல்லாம் முன்னேற்றத்தில் சேராது. ஏதாவது புதிதாகச் சேர்த்தால்தான் முன்னேற்றம்.

அப்படித்தான் ஒரு வாரம் திரையைப் பார்த்த நாடி, அடுத்த வாரம் விரலைப் பார்த்தது. அதற்கடுத்த வாரம் மகேஷ் சுண்டுவிரல் நீளத்துக் கேமரா ஒன்றை வாங்கி வந்து, இனி முகத்தையும் பார்க்கும் என்றான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அந்த முகம் யாருடையது என்று பெயரும் சொல்லத் தொடங்கியது. ஸ்கிரீனைப் பார்க்க வந்தோமா, ஆளைப் பார்க்க வந்தோமா என்று மர்சலின் கேட்டார். "ரெண்டும்தான்க்கா. மூஞ்சி காட்டினாத்தான் இன்வெஸ்டருக்குப் புடிக்குது," என்றான் மகேஷ். கை தட்டல் எழுந்தது. மர்சலினும் தட்டினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாடிக்கு முதல் வாடிக்கையாளர் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வெள்ளைத்துரை. திருநெல்வேலிப் பக்கம். கேமரா வருவதற்கு முன்பே கடையின் பில் போடும் கவுன்ட்டரில் நாடியைப் பொருத்தியிருந்தார்கள்; கேமரா பிறகு சேர்ந்தது. கடை ஒற்றை ஷட்டராக இருந்த காலத்திலிருந்தே அந்த நாற்காலியில் இருந்தவர் சரோஜாதேவி.

ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரம், வெள்ளைப் பலகையில் மகேஷ் எழுதினான்: 'நம் அறிக்கையை வைத்து வாடிக்கையாளர் முதல் முடிவை எடுத்துவிட்டார்.' மற்றவர்கள் தட்டினார்கள். என்ன முடிவு என்று மர்சலின் கேட்டார். பில் போடுகிற அந்த அம்மா தாமதம், தயக்கம், முகத்தில் எரிச்சல் என்று நாடி காட்டியதாம். அவரை மாடியில் சேலை மடிக்க அனுப்பிவிட்டார்களாம். தீபாவளிக்கு மேல் வைத்துக்கொள்வார்களா என்பது சந்தேகமாம். மகேஷ் இதையெல்லாம் வாழைக்காய் பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்தபடி சொன்னான். மர்சலின் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

மறுநாள் விடுமுறை. அவர் தனியாக வந்து உட்கார்ந்து, அந்தக் கவுன்ட்டரில் பதிவான எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தார். சரோஜாதேவியின் விரல் எங்கேயும் தயங்கவில்லை. அது தொட்டுவிட்டுக் காத்திருந்தது, திரைதான் அசையவில்லை. கேமரா வருவதற்கு முந்தைய பதிவுகளில் அதே திரை பறந்துகொண்டிருந்தது. கேமரா வந்த நாளிலிருந்து, ஒவ்வொரு தடவை தொட்டதும் முகத்தைப் படமெடுத்து அனுப்புவதற்காக நாடி பில்லை நிறுத்தி வைத்தது. எதிரே வாடிக்கையாளர் கத்தினார். சரோஜாதேவி முகம் சுளித்தார். அந்தச் சுளிப்பையும் நாடி படமெடுத்தது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இது பிள்ளையைக் கிள்ளிவிட்டு, இது அழுமூஞ்சிப் பிள்ளை என்று அப்பனிடம் கோளும் சொல்லிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மகேஷைப் பிடித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினார். அவன் முட்டாள் இல்லை, பார்த்ததுமே புரிந்துகொண்டான். அடுத்த வாரம் சரி செய்துவிடலாம் என்றான். ஆனால் வெள்ளைத்துரையிடம் இப்போது சொல்ல முடியாது. மேற்கொண்டு பணம் போடுவதா என்று முதலீட்டுக்காரர் அடுத்த மாதம்தான் முடிவு சொல்வார். அதற்குள் இது வெளியே போனால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். ஐந்து பேருக்கும் வேலை இல்லை, மர்சலின் உட்பட. அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். அந்த அம்மாவும் கொஞ்சம் ஸ்லோதான், ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், அந்தக் கதைதான் என்று சேர்த்துக்கொண்டான்.

மர்சலினின் இலக்கணம் அந்த இடத்தில் முடிந்தது. "இன்னா சொன்ன? மேடையக் கோணலாக்குனதே நாமதான்டா. நாம அஞ்சு பேரு சோறு துன்றதுக்கு அந்தம்மா தட்ல கைய வெக்கணுமா?" என்றார். மகேஷ் லேப்டாப்பை மூடினான்.

அந்த வார வெள்ளிக்கிழமை பஜ்ஜி இல்லை. நாடியில் புதிதாகச் சேர்த்ததைக் காட்ட மகேஷ் தி.நகர் போக வேண்டியிருந்தது. கூப்பிடாமலே மர்சலினும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். தள்ளுபடிக் கூட்டம் கடை வாசலைத் தாண்டி நின்றது. கவுன்ட்டரில் ஒரு புதுப் பெண், கண்ணில் நீர் முட்ட, உறைந்துபோன திரையைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பெயருக்கு எதிரிலும் நாடியின் சிவப்புக் குறி விழுந்துவிட்டதாக வெள்ளைத்துரை தன் போனைக் காட்டி அலுத்துக்கொண்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சுறுசுறுப்பே இல்லை என்றார்.

மர்சலின் வாதம் செய்யவில்லை. புதுப் பெண்ணை எழுப்பிவிட்டு மகேஷைப் பார்த்து, "நீ போடு," என்றார். அத்தனை பேர் முன்னால் அவனால் மறுக்க முடியவில்லை. உட்கார்ந்தான். முதல் சேலையை ஸ்கேன் செய்தான், திரை நின்றது. தொட்டான், நின்றது. இரண்டு சேலைக்கு ஒரு பில் வருவதற்குள் வரிசையிலிருந்த ஒரு அம்மாள் அவனுடைய பரம்பரையையே விசாரித்துவிட்டார். அவன் நெற்றி வியர்த்து, புருவம் நெரிந்தது. வெள்ளைத்துரையின் போன் சிணுங்கியது. தாமதம், தயக்கம், எரிச்சல். அவர் போனையும் மகேஷையும் மாறி மாறிப் பார்த்தார்.

மர்சலின் குனிந்து கேமராவின் ஒயரைப் பிடுங்கினார். அடுத்த சேலைக்கு, தொட்ட கை விலகுமுன் பில் வந்தது. அதற்கடுத்ததற்கும் வந்தது.

"அப்பம் அந்தப் புள்ள மேல தப்பு இல்லையா?" என்றார் வெள்ளைத்துரை.

"இல்ல சார். எங்க மேலதான்."

மகேஷ் நிமிர்ந்து பார்த்தான். வெள்ளைத்துரை மீசையைத் தடவிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு போன் சொன்னதைக் கேட்டு, இத்தனை வருடம் கண்ணால் பார்த்ததை மறந்த மனிதர். சரோஜாதேவியைத் திங்கட்கிழமையிலிருந்து கீழே வரச் சொல்லுதேன் என்றார். "திங்கக்கிழம இல்ல சார். இப்பவே கூப்டுங்க," என்றார் மர்சலின்.

சரோஜாதேவி மாடியிலிருந்து இறங்கி வந்தார். தலைமுடியில் பஞ்சுத் தூசு ஒட்டியிருந்தது. முதலாளியிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்காருமுன் மர்சலினிடம் மட்டும் மெதுவாக, "எம்மூஞ்சி சிடுசிடுன்னு கீதுன்னு எழுதிக் குடுத்தாங்களாமே மேடம். நெசமாவா?" என்று கேட்டார்.

சரோஜாதேவி பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். வரிசை நகர்ந்தது.

மகேஷ் தரையில் கிடந்த ஒயரை எடுத்தான். ஒரே ஒரு நிமிடம் மாட்டிப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும், அடுத்த வாரத்துக்குள் சரி செய்துவிடலாம் என்று வெள்ளைத்துரையிடம் சிரித்தபடி சொல்லிக்கொண்டே குனிந்தான். மர்சலின் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் கையை வைத்தார். ஒயர் நுழையும் துவாரம் அவருடைய உள்ளங்கைக்கு அடியில் போய்விட்டது.

"அக்கா, கைய எடுங்க. கிளையன்ட் பாக்கறாரு," என்றான் மகேஷ், பல்லைக் கடித்துக்கொண்டு.

சரோஜாதேவி அடுத்த சேலையை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். கூட்டம் இடித்தது, மர்சலினின் தோளில் யாருடைய பையோ வந்து மோதியது. அவர் மகேஷின் முகத்தையே பார்த்தபடி நின்றார், கையை எடுக்கவில்லை.