மூன்றாவது கரண்டிப் பாயசம்

மனைவி இறந்தபின் செம்பூர் ஃப்ளாட்டில் நான் தனி ஆள். சர்க்கரை வியாதி வேறு. வீட்டில் இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுவேன். கல்யாணப் பந்தியில் மட்டும், இலைமேல் கையை நீட்டிப் ‘போதும்’ என்று தடுக்க எனக்கு மனசே வராது.

மாட்டுங்காவில் நண்பர் மகள் கல்யாணம். மூன்றாம் தடவை பாயசம் விட வந்த பெண்வீட்டு மாமி, இலையோரம் இருந்த என் மாத்திரையைப் பார்த்துவிட்டார்.

“ஷுகரா? வேண்டாம்னு சொல்லப்படாதோ?”

எப்படித்தான் வாயில் வந்ததோ, உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“ஆத்துல இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்கோன்னு சொல்ல ஆளில்லை மாமி. வேண்டாம்னா நீங்க அடுத்த இலைக்குப் போயிடுவேள்.”

பக்கத்து இலைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. மாமி பாயச வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

பிறகு ஜிலேபியோடு வந்து என் முன்னால் நின்றார். “வேண்டாம்தானே?” கையை நீட்டித் தடுத்தேன். சிரித்தார். அப்பளத்துக்கும் வந்தார், மோருக்கும் வந்தார். ஒவ்வொரு தடவையும் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார். மோர் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் வீட்டில் இரண்டாவது சப்பாத்தி முடிந்ததும் தட்டின்மேல் கையை நீட்டி, “போதும்” என்று வாய்விட்டுச் சொல்கிறேன். யாரும் கேட்கவில்லைதான்.