இரண்டு தட்டு

எங்கள் பள்ளிப் பேருந்தின் ஆயாவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'இடி'. அவள் பேருந்தின் பக்கத்தகட்டில் உள்ளங்கையால் ஒரு முறை தட்டினால் நான் நிறுத்த வேண்டும். இரண்டு முறை தட்டினால் கிளம்ப வேண்டும். பதினோரு வருடமாக நான் பின்கண்ணாடியைப் பார்த்து வண்டி எடுத்ததில்லை. அந்தக் கையை நம்பித்தான் எடுத்தேன். நான் அவளை அக்கா என்பேன். அடிக்க வந்த புருஷனின் முன்பல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டு வேலைக்கு வந்தவள். அன்றைக்கும் இரண்டே நிமிடம்தான் தாமதம்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அம்மாவோ அப்பாவோ வந்தால்தான் இறக்கிவிட வேண்டும். இருவர் படமும் அக்காவின் நோட்டில் ஒட்டியிருக்கும். ஒருநாள் வெள்ளைக் காரோடு ஒருவன் நின்றான். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது.

"அவங்கம்மாவோட தம்பிங்க. அக்காவுக்கு வேலை முடியல" என்றான்.

"மாமாதான் ஆயாம்மா" என்றாள் பெண், தரையைப் பார்த்துக்கொண்டே.

நோட்டில் அவன் படம் இல்லை. பின்னால் ஹாரன்கள் காதைப் பிளந்தன. நானும் என் பங்குக்கு, "அக்கா, சீக்கிரம்!" என்று கத்தினேன். இரண்டு தட்டு விழுந்தது. கிளம்பினேன்.

அதன் பிறகு மூன்று வாரம் அந்தப் பெண் கடைசி இருக்கையில் கைப்பேசியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அது அதிர்ந்தால் அவளும் அதிர்ந்தாள். அக்கா தினமும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு திங்கட்கிழமை, நிறுத்தத்துக்கு இரண்டு தெரு முன்னால், பெண் வாய் திறந்தாள். அவன் மாமா இல்லை, இன்டர்நெட்டில் பழகியவன். "இன்னிக்கு வரலேன்னா படத்தையெல்லாம் அப்பாவுக்கு அனுப்பிடுவேன்னு சொல்றான்."

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நிறுத்தத்தில் அக்கா பின்கதவைத் திறந்து, இறங்க வேண்டிய மற்ற பிள்ளைகளை இறக்கினாள். அந்த நேரத்தில், பயத்தில் புத்தி கலங்கிய அந்தப் பெண் எல்லோரையும் தள்ளிக்கொண்டு ஓடிக் காரில் ஏறிவிட்டாள். அக்கா பின்னாலேயே ஓடினாள். அவன் என்ன செய்தான் தெரியுமா? பேருந்தின் தகட்டில் இரண்டு தட்டு தட்டினான். மூன்று வாரமாக எங்களை நோட்டம் விட்டிருக்கிறான், படுபாவி.

நான் கிளம்பிவிட்டேன்.

"இடி! இடி!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவர்கள் கத்தாத நாள் எது? கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு சின்னவள் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து அழுத பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வந்த காரின் கதவில் அக்கா தொங்கிக்கொண்டிருந்தாள். செருப்பு கழன்ற காலைத் தார்ச்சாலை உரித்துக்கொண்டிருந்தது.

பிரேக்கை மிதித்தேன். குறுகலான தெரு, என்னைத் தாண்ட இடமில்லை. முட்டாத குறையாகக் கார் நின்றது.

நான் ஓடிச் சேர்வதற்குள் அவன் இரும்புக் கம்பியை எடுத்து அவள் முன்கையில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவள் கதவை விடவில்லை. அடுத்த அடி தோளில் விழுந்தது. ஜன்னலுக்குள் தலையை நுழைத்து அவன் காதைக் கடித்தாள். அவள் மோவாயெல்லாம் ரத்தம். சுற்றி நின்ற ஆண்கள் படம் பிடித்தார்கள், நாசமாய்ப் போகிறவர்கள். நான் அவனை வெளியே இழுத்துப் போட்டு அடித்தேன். மூக்கு உடைந்த பிறகும் அடித்தேன். போலீஸ் வந்துதான் என்னைப் பிரித்தது. அதில் பாதி அடி எனக்கு விழ வேண்டியது.

அவன் கைப்பேசியில் இன்னும் நான்கு பெண்களின் படங்கள் இருந்தனவாம். உள்ளே போனான். பள்ளியில் அக்காவை மேடையேற்றிக் கைதட்டினார்கள். கட்டுப்போட்ட கையோடு அவள் தலையே நிமிரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் வந்தாள். முன்னிருக்கையில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆயாம்மா, மொத நாள் நான் உங்க முகத்தப் பாக்காமதானே சொன்னேன். உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதும்மா" என்றாள் அக்கா. "நேரமாச்சுன்னு தட்டிட்டேன்."

அவசரப்படுத்தியவன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் அக்கா தட்டுவதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்து, கூட்டிப்போக வந்தவரின் முகத்தையும் பார்த்து, பிறகு என் ஜன்னலுக்கு வந்து "போலாம் தம்பி" என்கிறாள். தினமும் இருபது நிமிடம் தாமதமாகிறது. ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும்.