குடும்பத்தின் முதல் பட்டதாரி

அம்மா எங்களை விட்டுச் சென்று இந்த ஆனியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உங்களில் பலர் அம்மாவை வழக்கறிஞராகத்தான் அறிவீர்கள். சிலர் அதற்கும் முன்பு, செங்கல்பட்டு ஜவுளிக்கடையில் கேஷ் கவுண்டருக்குப் பின்னால் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் அவர் மாணவியாக இருந்த ஆண்டுகளைப் பற்றி எழுதும்படி அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டார். மூத்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது கடப்பாக்கத்துக்கு மேற்கே, நெல்லும் வேர்க்கடலையும் போடும் ஒரு சிற்றூரில். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினார். அந்த ஆண்டே திருமணம் நடந்தது. அப்பா கூடுவாஞ்சேரியில் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருந்தார். முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கடற்கரைச் சாலையில் உள்ள விடுதிகளுக்குத் தண்ணீர் கேன் போடுவது அவர் தொழில். கோடையிலும் விடுமுறை நாட்களிலும் பணம் வரும். மழைக்காலத்தில் வண்டிக்கு டீசல் போடுவதே பெரும்பாடு. நானும் தம்பியும் பள்ளியில் சேர்ந்தபின் அம்மா ஜவுளிக்கடை வேலைக்குப் போனார். வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பி.காம். முடித்தார். அப்போது நான் எட்டாம் வகுப்பு.

பட்டம் வாங்கியதோடு நின்றுவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் அம்மாவுக்குச் சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்திருக்கிறது. ஊரில் தாத்தாவின் நிலத்தின் மேல் ஒரு வரப்பு வழக்கு இருந்தது. தாத்தா நீதிமன்றத்துக்கு அலைந்தே ஓய்ந்து போனார். அங்கே என்ன பேசுகிறார்கள் என்பதே அவருக்குப் புரியவில்லை என்று அம்மா ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் காரணம் எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

சட்டக் கல்லூரிக்குத் தினமும் போக வேண்டும். அதனால் கடை வேலையை விட வேண்டியிருந்தது. ஒரு சம்பளம் நின்று ஒரு செலவு கூடியது. இதை அம்மா எங்களிடம் மறைக்கவில்லை. மாதம் பிறந்ததும் பாயில் உட்கார்ந்து, அப்பா கொடுத்த பணத்தை எங்கள் முன்னாலேயே பிரித்து வைப்பார். வாடகை, வண்டி டியூ, பால், மளிகை, பள்ளிக் கட்டணம், சீட்டு. இல்லை என்று சொல்லும்போது ஏன் இல்லை என்பதையும் சொல்வார். தம்பி சைக்கிள் கேட்டபோது, "சைக்கிள் வாங்கலாம். வாங்கினா ஐப்பசில எனக்குப் பரீட்சைப் பணம் கட்ட முடியாது. நீயே சொல்லு" என்றார். தம்பி அழுதுகொண்டே, "நீ பரீட்சை எழுது" என்றான். பத்து வயதுப் பையனிடம் இப்படிக் கேட்கலாமா என்று அப்பா கோபப்பட்டார். "அவன் பணமும்தானே இது" என்று அம்மா சொன்னார்.

மழைக்காலச் செலவுக்குக் கோடையிலேயே ஒதுக்குவது அவர் முறை. சீட்டை எப்போதும் புரட்டாசியில்தான் எடுப்பார். மாலையில் கடைத்தெருவில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பணம் முழுவதும் அவருடைய புத்தகத்துக்கும் ரயிலுக்கும். அதில் மிச்சமானால் எங்களுக்கு. எங்கள் படிப்புக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து அவருக்கு ஒருபோதும் எடுக்கமாட்டார்.

முதல் முறை ரயில் பாஸ் எடுக்கப் போனபோது நானும் உடன் இருந்தேன். மாணவர் சலுகைக்காகக் கல்லூரியில் வாங்கிய தாளை நீட்டினார். கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்து, "நீ எந்த காலேஜும்மா?" என்றார்.

"அவ ஸ்கூலு சார். காலேஜ் நான்" என்றார் அம்மா.

"வயசு இன்னா?"

"முப்பத்தஞ்சு."

கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். சலுகைக்கு வயது வரம்பு உண்டு, அம்மா அதைத் தாண்டிவிட்டார். உதவித்தொகைகள் பலவற்றிலும் பிறகு இதே பதில்தான் வந்தது. அம்மா முழுக் கட்டணம் கொடுத்துப் பாஸ் வாங்கினார். நடைமேடையில், "வயசான ஸ்டூடண்ட்டுக்குதான் செலவே ஜாஸ்தி. அது அவங்களுக்குத் தெரியல" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது அம்மா இரண்டாம் ஆண்டு முடித்திருந்தார். எனக்குப் பொறியியல் படிக்க ஆசை, மதிப்பெண்ணும் இருந்தது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கலாம். அது இருந்தால் கல்விக் கட்டணத்தில் பெரும்பகுதி கட்ட வேண்டியதில்லை. என் தோழிகள் வரிசையில் நின்று வாங்கினார்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி ஏற்கெனவே இருந்தார்.

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்.

"உன் டிகிரி பேப்பரு பீரோவுலதானே கீது? அது பாட்டுக்குக் கெடக்கட்டும். யாரு வந்து தொறந்து பாக்கப் போறாங்க? பொண்ணுக்கு சர்ட்டிபிகேட் வாங்கிக் குடு" என்றார்.

"வூட்ல யாரும் படிக்கலன்னு கையெழுத்து போடணும், அண்ணி."

"போடேன். ஊர்ல போடாதவங்களா?"

அப்பாவும் மெதுவாக, "அக்கா சொல்றதுல இன்னா தப்பு? டப்பு நம்மளுக்கு மரத்துலயா காய்க்குது?" என்றார்.

அம்மா, "அஞ்சு வருஷமா கஷ்டப்பட்டு படிச்சேன். அத நானே இல்லன்னு எழுத மாட்டேன்" என்றார்.

அத்தை எழுந்து போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில், "நீ படிச்சதாலதான் எனக்கு நஷ்டம்" என்றேன்.

"ஆமா" என்றார் அம்மா. குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் தெரியவில்லை. "நஷ்டம்தான். அத நீ கட்ட வேணாம். நான் கட்டறேன்."

எப்படிக் கட்டப்போகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கலந்தாய்வில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒரு நாள் காலையில் அம்மா ஜவுளிக்கடையின் நீலச் சீருடைப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். சட்டக் கல்லூரியில் ஓராண்டு இடைவெளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய முதலாளியிடம் கேட்டு வேலைக்குச் சேர்ந்திருந்தார். இன்னும் ஓராண்டில் முடிய வேண்டிய படிப்பு.

நான் அப்பாவிடம் ஓடினேன். அவர் வண்டியில் காலி கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா படிப்ப நிறுத்திட்டாங்களா?"

"பிரேக்குதான் போட்டுகீறா. வண்டிய ஆஃப் பண்ணல" என்றார். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தால் அவருக்கே அதில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

முதலாண்டுக் கட்டணத்தின் ஒரு பகுதி அந்தச் சம்பளத்தில் கட்டப்பட்டது. மீதிக்கு அம்மா என்னை வங்கிக்கு அழைத்துப் போனார். மேலாளர் எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் படிக்கிறீங்க, பொண்ணும் படிக்குது. யாரு திருப்பிக் கட்டுவாங்க?" என்று கேட்டார். "யாருக்கு முதல்ல வேலை கெடைக்குதோ அவங்க" என்றார் அம்மா. அவர் சிரித்துவிட்டார். இன்னும் இரண்டு முறை அலைய வைத்தாலும், கல்விக் கடன் கிடைத்தது.

கடன் தொகை வருவதற்குள் கல்லூரிக் கட்டணத்தின் இரண்டாம் தவணை நெருங்கிவிட்டது. அப்போது அத்தை வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டே தம் வளையல்களைக் கழற்றி, "அடகு வெச்சிக்கோ. பொய் சொல்ல மாட்டாளாம், பெரிய கலெக்டரு" என்று அம்மாவின் மடியில் போட்டார். அம்மா அடுத்த கோடையில் அவற்றை மீட்டுத் தம் கையாலேயே அத்தைக்குப் போட்டுவிட்டார்.

ஓராண்டு கழித்து அம்மா கல்லூரிக்குத் திரும்பினார். உடன் படித்தவர்கள் முடித்துப் போய்விட்டார்கள். புதிய வகுப்பில் இருந்தவர்கள் அவரை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றதாக வீட்டில் வந்து சொன்னார். அந்த ஆண்டு தேர்வு நேரத்தில் நானும் அவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தோம். தம்பி எங்கள் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தான்.

அம்மா நாற்பது வயதை நெருங்கும்போது வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். பெரிய பெயரோ பெரிய பணமோ வரவில்லை. செங்கல்பட்டு நீதிமன்றத்தில் ஜீவனாம்சம், வாடகை, நிலத் தகராறு போன்ற வழக்குகள்தான் அதிகம் பார்த்தார். வருபவர்களிடம் எவ்வளவு ஆகும், எப்போது கொடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவார். கட்சிக்காரர் பெண்ணாக இருந்தால், நீதிபதி என்ன சொன்னார் என்பதை வெளியே மரத்தடியில் நிறுத்தி, புரியும் வரை விளக்குவார். எனக்கு வேலை கிடைத்ததும் கடனை நானே அடைத்தேன். தம்பி இப்போது கேளம்பாக்கம் பக்கம் ஒரு கணினி நிறுவனத்தில் இருக்கிறான்.

நோய் தெரிய வந்தது சென்ற ஆண்டுக்கு முந்தைய கார்த்திகையில், செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில். வயிற்றில் கட்டி, பரவியிருந்தது. சென்னையில் பெரிய மருத்துவமனைக்குப் போகலாம், பிறகு நாங்கள் கட்டிய வீட்டின் மேல் கடன் வாங்கலாம் என்று தம்பி சொன்னான். அம்மா மருத்துவரிடம் நேராகவே கேட்டார்: "அங்க போனா பொழைப்பேனா, இல்ல கொஞ்ச நாள் தள்ளிப் போகுமா?" தள்ளிப் போகலாம் என்றார் மருத்துவர். அம்மா அரசு மருத்துவமனையிலேயே இருந்துவிட்டார். தம்பிக்கு அது இன்னும் ஆறவில்லை. உடம்பு முடிந்த வரை வழக்குக் கட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, எந்த வழக்கை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று பிரித்து வைத்தார். கடைசி நாட்களில் பேச்சு குறைந்துவிட்டது. அப்பா பக்கத்திலேயே இருந்தார். ஒரு விடியற்காலையில் அம்மா அமைதியாகப் போனார்.

அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அவருடைய வழக்குகளை ஏற்று கட்சிக்காரர்களிடம் மறுபடி பணம் வாங்காமல் நடத்திக் கொடுத்த இரு வழக்கறிஞர் தோழிகளுக்கும், வேலையைத் திரும்பக் கொடுத்த கடை முதலாளிக்கும், எங்கள் அத்தைக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன். இறுதிச் சடங்கின்போது வேலை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்த தெருக்காரர்களுக்கும் எங்கள் வணக்கம்.

அப்பா எழுதச் சொன்ன ஒன்று மீதி இருக்கிறது. அம்மா யாருக்காவது ஏதேனும் தர வேண்டியிருந்தால், தயங்காமல் எங்களிடம் கேளுங்கள், கொடுத்துவிடுகிறோம். எங்களுக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. அம்மாவுக்குத் தர வேண்டியவர்கள் யாரேனும் இருந்தால் தர வேண்டாம். வேண்டும் என்று நினைத்திருந்தால் அவரே கேட்டு வாங்கியிருப்பார்.