ரெண்டு சீசன்

போன வாரம் ஆக்லாந்தில், சான்ட்ரிங்ஹாம் பகுதியில் நம்மூர்ச் சாமான் விற்கும் கடையில் புளியும் நெத்திலியும் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒரு தைலப் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். நெஞ்சைக் குளிர வைக்கும் அந்த வாசம் கடை முழுக்கப் பரவியது. மற்றவர்களுக்கு அது சளியையோ தலைவலியையோ ஞாபகப்படுத்தும். எனக்குக் கீத்தின் கெண்டைக்கால்கள் ஞாபகம் வந்தன. ஒரு வெள்ளைக்காரனுடைய காலை நினைத்துக் கடை நடுவில் கண்கலங்கி நிற்பதை யாருக்கும் விளக்க முடியாது. வெங்காயக் கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுததற்கு அங்கே ஒரு காரணமாவது இருக்கும்.

கீத் இங்கிலாந்துக்காரன். கால்பந்தில் முன்வரிசையில் நின்று கோல் போடுகிற ஆட்டக்காரன். நீங்கள் அவன் பெயரைக் கேள்விப்பட்டிருக்க முடியாது. அவன் ஆடியதெல்லாம் கீழ்வரிசைக் கிளப்புகளில். ஒரு சீசன் இங்கே, அரை சீசன் அங்கே. பெரிய மைதானத்தில் ஆடியிருக்கிறாயா என்று ஒருமுறை கேட்டேன். ஆடியிருக்கிறேன், தோற்பதற்காகக் கூப்பிட்டிருந்தார்கள் என்றான்.

நானும் அவனுக்குச் சளைத்தவன் இல்லை. என் ஊரான ஈப்போவில், பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தில் பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். பிறகு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை. அங்கிருந்து ஒரு கூட்டாளி பேச்சைக் கேட்டு ஆக்லாந்துக்கு வந்து, கோழி வெட்டுகிற ஆலையில் சேர்ந்தேன். கை எப்போதும் சில்லென்று இருக்கும் வேலை. மாஸி என்கிற புறநகரில் நான் இருந்த அறையில் ஹீட்டர் கிடையாது. அறையைவிட வெளியே வெயில் என்பதால் சனிக்கிழமைகளில் எதிரே இருந்த மைதானத்து வேலியோரம் போய் நிற்பேன். பந்தாட்டம் பார்க்க வருகிறேன் என்று அங்கே ஆடுகிற கிளப்பின் கோச் நினைத்துக்கொண்டார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, உனக்கு ஓடத் தெரியுமா என்று கேட்டு, கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்.

வாளியில் குளிர்ந்த தண்ணீர், அதில் ஒரு ஸ்பாஞ்ச். எவனாவது அடிபட்டு விழுந்தால் நான் ஓட வேண்டும். காலில் அடி என்றால் காலில் பிழிவது, தலையில் அடி என்றால் பிடரியில் பிழிவது. எங்கள் மருத்துவம் அவ்வளவுதான். தலையில் அடிபட்டவனிடம் மட்டும் கோச் ஒரு கேள்வி கேட்பார்: எந்த கிளப்புக்கு ஆடுகிறாய்? சரியாகச் சொன்னால் எழுந்து ஆடலாம். சொல்லாவிட்டால் வெளியே வந்து உட்கார வேண்டும். எல்லாக் கிளப்பிலும் அதுதான் வழக்கம் என்றார்கள்.

கீத் அந்த வருஷம்தான் இந்தக் கிளப்புக்கு வந்திருந்தான். ஆட்டத்துக்கு முன்னால் பெஞ்சில் குப்புறப் படுப்பான். கிளப்பில் ஒரு வெள்ளைக் களிம்பு வைத்திருந்தார்கள். அது வேண்டாம், உன் தைலத்தைக் கொண்டுவா என்பான். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டில் அப்படித்தான் தீர்ந்தது. தேய்க்கத் தேய்க்க அவன் வாய் திறக்கும். கிளப்புகளின் பெயரை அவன் சொல்லமாட்டான், வாசத்தைச் சொல்வான். மீன் நாறுகிற ஊர். பியர் ஆலை ஊர். பிஸ்கட் சுடுகிற ஊர். அங்கே எப்போதும் பசித்துக்கொண்டே இருக்குமாம். நிலக்கரி ஊருக்கு அவனை ஒரு மாதம் லோனில் அனுப்பினார்களாம். "ஆளையே கைமாத்தாக் குடுப்பாங்களா?" என்றேன். "குடுப்பாங்க. திருப்பி வாங்கிக்கத்தான் யாரும் வரமாட்டாங்க" என்றான்.

எந்த ஊரிலும் அவன் பெட்டியைக் காலி செய்ததில்லை. பழுப்பு நிறத் தோல்பெட்டி. வீட்டுக்கார அம்மாக்கள் தரும் அறைகளில் அலமாரி இருந்தாலும் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திக்கொண்டு, துவைத்து மறுபடி பெட்டியில்தான் வைப்பான். அவன் மனைவி லின்டாவும் சின்ன மகளும் முதல் சில ஊர்களுக்குக் கூடவே போனவர்கள்தான். பிள்ளை பள்ளிக்கூடம் மாறி மாறிக் கடைசியில் யாரோடும் பேசாமல் போனதும் லின்டா நின்றுவிட்டாள். அவன் ஆக்லாந்துக்குக் கிளம்பும்போது அவள் சண்டை எதுவும் போடவில்லையாம். ஒரே ஒரு பேச்சுத்தான் சொன்னாளாம். அதை அவன் என்னிடம் அடிக்கடி சொல்வான்:

"ஒரே ஊர்ல ரெண்டு சீசன் இரு. அப்புறம் நாங்க வர்றோம்."

அவனுக்கு அப்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் போன கால்கள். மிச்சம் இருந்தது தலை ஒன்றுதான். மூலையிலிருந்து வரும் பந்துக்கு அவனைப்போல எழும்பி முட்டுகிறவன் அங்கே யாரும் இல்லை. பயிற்சி முடிந்தபிறகும் பந்தைத் தூக்கிப் போடச் சொல்லி முட்டிக்கொண்டே இருப்பான். மழையில் ஊறிய பழைய பந்து, கல் மாதிரி இருக்கும். எனக்குப் பார்க்கவே மண்டை வலிக்கும்.

முதல் சீசனின் கடைசி ஆட்டம். அடுத்த வருஷத்துக்கு அவனை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று கமிட்டி அதுவரை சொல்லவில்லை. இரண்டாம் பாதியில் அவனும் எதிரணிக்காரன் ஒருவனும் ஒரே பந்துக்கு எழும்பினார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. வாளியோடு ஓடினேன். கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தான். பிடரியில் தண்ணீர் பிழிந்தேன். கோச் குனிந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

கீத் மீன் நாறும் ஊர்க் கிளப்பின் பெயரைச் சொன்னான்.

கோச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். இத்தனை கிளப்பில் ஆடியவன் எதைத்தான் ஞாபகம் வைப்பான் என்றான் ஒருவன். இவனிடம் கேட்கிற கேள்வியா இது என்றான் இன்னொருவன். வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் வெளியே உட்கார வைத்திருப்பார்கள். கீத் சொன்னதால் அது பகிடியாகிவிட்டது. அவனும் எங்களைப் பார்த்துச் சிரித்தான், எதற்கென்று தெரியாதவன் சிரிப்பதுபோல. எழுந்து ஆடினான். கொஞ்ச நேரத்தில் மூலையிலிருந்து வந்த பந்தை அதே தலையால் முட்டி வலைக்குள் போட்டான். ஜெயித்தோம். உடைமாற்றும் அறையிலேயே கமிட்டிக்காரர் வந்து, அடுத்த வருஷமும் நீதான் என்று கை கொடுத்தார். அந்த கோலைப் பற்றி நான் மறுநாள் பேசியபோது, எந்த கோல் என்று கேட்டான்.

லின்டா வந்தாள். இரண்டாம் சீசன் முடிந்த கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். மாஸியிலேயே வீடு பிடித்தார்கள். கீத் பந்தாட்டத்தை விட்டுவிட்டு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். தன் பெட்டியை முதல்முறையாகக் காலி செய்து எனக்குக் கொடுத்தான். "எனக்கு இனி இது வேண்டாம். நீதான் நிக்கமாட்டே" என்றான். சொன்னபடியே நான் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினேன். வாழைத்தோட்டம், சுரங்கத்துச் சமையல்கட்டு, எங்கெங்கேயோ. எந்த விடுதியில் அந்தப் பெட்டியை விட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. திரும்பி ஆக்லாந்துக்கு வந்தபோது எனக்கும் தலை நரைத்திருந்தது.

மைதானம் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டியபடி வரிசையாக. வேலி இருந்த இடத்தில் குப்பைத்தொட்டிகள் நிற்கின்றன. கிளப்பையும் வேறொரு கிளப்போடு சேர்த்துவிட்டார்களாம். கோச் போய்ச் சேர்ந்துவிட்டார். கீத் இதே ஊரில், மவுண்ட் ரோஸ்கில் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் ஞாபகம் தப்பிப்போய் இருக்கிறான். பந்தை முட்டி முட்டித்தான் இப்படியா என்று கேட்டால், டாக்டர்கள் இருக்கலாம் என்கிறார்கள். அதற்குமேல் சொல்வதில்லை.

கடையிலிருந்து அன்றைக்கு நேரே அங்கேதான் பஸ் ஏறினேன், ஒரு தைலப் பாட்டிலும் வாங்கிக்கொண்டு. அங்கே நர்ஸாக இருக்கும் வதனி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என்னைக் கண்டதும், "இண்டைக்கும் அடுக்கிப்போட்டார் அண்ணை" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. பெட்டி இல்லாததால் தினமும் காலையில் எழுந்து தன் சட்டைகளையெல்லாம் தலையணை உறைக்குள் திணித்து வைத்துக்கொண்டு, கார் வருகிறதா என்று பார்த்து உட்கார்ந்திருப்பான். அடுத்த கிளப்புக்குப் போகிற கார்.

காலில் தைலம் தேய்த்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மீன் ஊர், பியர் ஊர், பிஸ்கட் ஊர் என்று வரிசையாக, ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னான். விட்டுவிட்டு வந்த ஊர் எல்லாம் இருந்தது. முப்பது வருஷம் இருந்த ஊர் அதில் இல்லை.

லின்டா வந்தாள். தினமும் மத்தியானம் வருவாள். கீத் மடியில் இருந்த தலையணை உறையை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டான். புது ஊரில் அறை தரும் வீட்டுக்கார அம்மாவிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னான்:

"ரெண்டு சீசன் ஒரே ஊர்ல இருந்தா என் பொண்டாட்டி வர்றேன்னு சொல்லியிருக்கா. இந்த ஊர்ல வெச்சுக்குவாங்களான்னு தெரியல."

"வெச்சுக்குவாங்க" என்றாள் லின்டா. "நீங்க இருங்க. அவ வருவா."

பிறகு அந்த உறையிலிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து, அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள்.